எல்கடுவ மலையில் எத்தனை கஸ்தெல்லி

பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதிக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. பழைய பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அந்தக் கட்டத்தை அவள் நிரப்பத் தொடங்கிய நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் முன்பே டெலிபோன் அடிக்கிறது.

"சேர், இந்தக் கஸ்தெல்லி எல்லாரும் ஒரே குடும்பமா?"

"இல்ல."

"அப்ப ஏன் சேர் எல்லாருக்கும் ஒரே பேரு?"

"இத்தாலியில போய்க் கேளுங்க பிள்ளை."

வைத்துவிட்டேன். மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும் எடுத்தாள். வேலையிலிருந்த காலமெல்லாம் என் உயிரை வாங்கிய பெயர், ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடி வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்கு டெலிபோன் எடுக்க வேண்டாம்.

நான் எல்கடுவ மலைப்பக்கத்துக்குப் பிறப்பு, விவாக, மரணப் பதிவாளராக இருந்தவன். பெயர் சந்தியாகு. கந்தோர் என்று தனியாக ஒன்றும் கிடையாது, என் வீட்டு முன்னறைதான் கந்தோர். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு ஏறி வருகிறவர்கள் தரையெல்லாம் இரத்தமாக்கிவிட்டுப் போவார்கள். என் மனைவி பிலோமினா உப்பும் துணியும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரார் பிள்ளைகளின் பெயரை எழுதியே காலம் போயிற்று.

மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், சில மாதம் பழக்கினார்கள். எந்த மையில் எழுதுவது, எழுதியதை ஏன் வெட்டக்கூடாது என்பதெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் மாவட்டப் பதிவாளர் ரத்னாயக்க மாத்தயாவிடம் பட்டுத் தெரிந்துகொண்டது. அவர் சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். நாம் எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோய் நின்றாலும், முதலில் மேசைமேல் இருக்கும் மைக்கூடு, முத்திரை, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும் ஒரு வரிசையில் நேராக்குவார். நமக்கு வியர்த்துவிடும். பிறகு கேட்பார். எப்போதும் அதே மூன்று கேள்வி, அதே வரிசை. சட்டத்தில் இருக்கிறதா? ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா? உன்னைத் தவிர வேறு யாராவது இதைச் செய்ய முடியுமா? பதில் சொல்லி முடித்ததும் பேனையை மூடிவிடுவார். மூடிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வேலையில் சேர்ந்த அன்று அவர் எனக்கு ஒரே ஒரு புத்திதான் சொன்னார். "பதிவு எழுதப் போகிற வீட்டில் சாப்பிடாதே. அந்த மலையில் யாருக்கும் சொந்தக்காரனாகிவிடாதே." அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதல் வாரமே பிடித்தது சனியன். பிறப்புப் பதிய வந்தவர் கஸ்தெல்லி. அடுத்தவர் கஸ்தெல்லி. மரணம் சொல்ல வந்தவர் கஸ்தெல்லி, செத்தவர் கஸ்தெல்லி, சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் கஸ்தெல்லி. நம் சனத்துக்கு அப்பன் பெயரின் முதலெழுத்தே போதுமானது, குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அதுவும் தமிழ்ப் பெயரா, சிங்களப் பெயரா, பறங்கிப் பெயரா என்று பிடிபடாத ஒரு பெயர். தோட்டத்து முச்சந்தியில் கடை வைத்திருந்த நூர்தீன் நானாகூட, வாடிக்கையெல்லாம் அவர்கள்தானே என்று, 'கஸ்தெல்லி ஸ்டோர்ஸ்' என்று பலகை மாட்டியிருந்தார்.

விசாரித்ததில் தெரிந்த கதை இது. வெள்ளைக்காரன் காலத்தில் கஸ்தெல்லி என்று ஓர் இத்தாலிச் சாமியார் குதிரையில் இந்த மலைக்கு வந்துபோயிருக்கிறார். அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, தேயிலைத் தோட்டத்துக்கு வந்து லயத்து வரிசை வீடுகளில் கிடந்த சனத்தில் பலர் அவரிடம் ஞானஸ்நானம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஞானத்தகப்பன் வேண்டும். ஞானத்தகப்பனாக நிற்பவன் ஏற்கனவே கத்தோலிக்கனாக இருக்க வேண்டும். லயத்தில் அப்படி ஒருவனும் இல்லை. சாமியார் பார்த்தார். இத்தாலியில் இருந்த தன் அண்ணனை எல்லாருக்கும் ஞானத்தகப்பனாக வைத்து, அண்ணனுக்குப் பதிலாக, கத்தோலிக்கனல்லாத தன் சமையல்காரனைத் தோளில் கை வைத்து நிற்கச் செய்துவிட்டார். சமையல்காரனுக்கு அன்று முழுக்கக் கையை இறக்க நேரமிருந்திருக்காது. கடல் தாண்டி இத்தனை பிள்ளைகள் இருப்பது தெரியாமலே அந்த அண்ணன் செத்திருப்பார், பாவம்.

ஞானத்தகப்பன் பெயரைப் பிள்ளை எடுத்துக்கொள்வது இந்த லயத்து வழக்கம். பிள்ளை வளர்ந்த பிறகு ஆயர், அதாவது பிஷப், வந்து கொடுக்கிற உறுதிபூசுதலின்போது வேறொருவர் தோளில் கை வைத்தால் அவர் பெயருக்கு மாறலாம். மாறுவதற்கு வேறு ஆள் வேண்டுமே. அடுத்த தலைமுறைக்கு நின்றவனும் கஸ்தெல்லி, அதற்கடுத்ததற்கு நின்றவனும் கஸ்தெல்லி. ஒரே ஞானத்தகப்பன் என்பதால் எல்லாரும் அண்ணன் தங்கை. ஆகவே ஒரு கஸ்தெல்லி இன்னொரு கஸ்தெல்லியைக் கல்யாணம் முடிக்க முடியாது. ரத்தொட்டைப் பக்கமோ ரிவர்ஸ்டன் பக்கமோ போய்ப் பெண் எடுப்பார்கள். வந்த பெண்ணும் கஸ்தெல்லி ஆகிவிடுவாள்.

பின்னாளில் மாத்தளைக்கு வந்த ஓர் இத்தாலிக்காரரிடம் இதைச் சொன்னேன். கஸ்தெல்லி என்றால் அவர்கள் பாஷையில் கோட்டைகளாம், கோட்டைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு வந்த பெயராம், அவர்கள் ஊரில் நம்மூர்ப் பெரியசாமி மாதிரி மூலைக்கு மூலை அது இருக்குமாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? மரியசூசை கஸ்தெல்லி என்று இரண்டு பேர், ஒரே வயது. ஒருவர் செத்துப்போனார். அத்தாட்சிப் பத்திரம் உயிரோடிருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஐயா, நான் எப்பங்க செத்தேன்?" என்று மரியாதையாகக் கேட்டார். சண்டைக் காலத்தில் அலுவிகாரைப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் ஒரு கஸ்தெல்லிப் பையனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள். தமிழ் பேசுகிறான், பெயர் மட்டும் வெளிநாடு, பொய்ப் பெயர்தான் என்று சிப்பாய்க்குச் சந்தேகம். நான் வெயிலில் நின்று சிங்களத்தில் இத்தாலிச் சாமியார் கதையை முதலிலிருந்து சொன்னேன். சிப்பாய் கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த அண்ணனின் முகவரி இருக்கிறதா என்றான்.

இதெல்லாம் சில்லறைத் தலைவலி. உண்மையான தலைவலி அந்தோனியும் லூர்துமேரியும்.

எழுபதுகளின் கடைசி. ஒரு கலவரம் முடிந்து லயத்துக் கூரைகளை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் சனத்தைப் பங்கு பிரித்துக்கொண்டதில் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பலேறின. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த அந்தோனி கஸ்தெல்லி வீட்டுக்கு அப்படி நாள் குறித்து வந்துவிட்டது. அவன் விரும்பிய லூர்துமேரி கஸ்தெல்லியின் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மனைவி என்றால் அவளும் கூடப் போகலாம். இல்லையென்றால் அவன் அக்கரை, அவள் இக்கரை, அதோடு சரி.

இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பெயரைப் பார்த்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் சட்டப்படி கல்யாண அறிவித்தலை எழுதிக் கதவில் ஒட்டினேன். அந்தி சாய்வதற்குள் கோயில் மூப்பர் சின்னப்பன் வந்துவிட்டார். தோட்டத்துச் சிற்றாலயத்தில் மணியடிப்பது முதல் சவப்பெட்டிக்கு ஆள் சேர்ப்பது வரை அவர்தான். அவரும் கஸ்தெல்லிதான், சொல்லவா வேண்டும்.

"ஐயா, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் எழுதுறீங்களாமே."

"யாருய்யா அண்ணன் தங்கச்சி? அப்பன் வேற, ஆத்தா வேற, பாட்டன் பூட்டன் வேற."

"ஞானத்தகப்பன் ஒண்ணுங்களே."

"அவர் செத்து எலும்புகூட மிஞ்சியிருக்காது."

"செத்தா ஒறவு விட்டுப்போயிருங்களா ஐயா?"

போய்யா என்றேன். அவர் நேராகக் கச்சேரிக்குப் போய்விட்டார், துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. ரத்னாயக்க மாத்தயா எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போனபோது ஐந்து கஸ்தெல்லிகளும் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். மாத்தயா மைக்கூட்டை நேராக்கினார். முத்திரையை நேராக்கினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் மூப்பரைக் கேட்டார்.

"அப்பா ஒண்ணு?"

"இல்லைங்க."

"அம்மா ஒண்ணு?"

"இல்லைங்க. ஞானத்தகப்பன் ஒண்ணுங்க."

"அவரு எங்க?"

"இத்தாலியிலங்க."

மாத்தயா என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார். "சட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை சேர்."

"ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா?"

"மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிறார்கள் சேர். ஞானத்தகப்பன் இல்லை."

"அப்படியானால் எழுது." மூன்றாவது கேள்வியைக் கேட்காமலே பேனையை மூடினார்.

ஜெயித்துவிட்டேன் என்று பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறையாக வந்தேன். வீட்டு வாசலில் அந்தோனியும் லூர்துமேரியும் காத்திருந்தார்கள். மூப்பரும் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தில் கோபமே இல்லை.

"எழுதிக்கங்க ஐயா. சட்டம் உங்களோடது. ஆனா அந்தப் புள்ள வீட்ல நாளைக்கு ஒரு சாவு விழுந்தா, பொட்டி தூக்க லயத்துல ஒருத்தன் வரமாட்டான். அத நான் சொல்லல, சனம் சொல்லுது."

நான் அவரைக் கண்டுகொள்ளாமல் பதிவை எடுத்து விரித்தேன். பெண் பேனையைத் தொடவில்லை.

"கையெழுத்தப் போடும்மா. உனக்காகத்தானே இவ்வளவும்."

"நான் கப்பலேறிருவேங்க ஐயா. அப்பாவும் அம்மாவும் இங்கதானே கெடக்கணும். அப்பாவுக்கு நெஞ்சுல சளி. அவரு போனா அம்மா ஒத்தையில எப்படிங்க தூக்குவாங்க?"

அந்தோனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? மூப்பர்மேல் ஆத்திரம், அவள்மேல் ஆத்திரம், ஒரு சமையல்காரனை நிறுத்திவிட்டுக் குதிரையேறிப் போன அந்தச் சாமியார்மேல் எல்லாரையும்விடப் பெரிய ஆத்திரம். நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டேன் அவரை, கடவுள் மன்னிக்கட்டும்.

பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தேன். இளைஞர், மாத்தளைக்குப் புதியவர். திருச்சபையில் இப்படி ஒரு தடையே கிடையாது என்று மூப்பருக்குப் பொறுமையாக விளக்கினார்.

"சபைக்கு இல்லீங்க சாமி. லயத்துக்கு இருக்கு," என்றார் மூப்பர்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கப்பலுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த பிலோமினாதான் சாதாரணமாகக் கேட்டாள். "அந்தோனிக்கு உறுதிபூசுதல் ஆயிருச்சா?"

மூப்பர் யோசித்தார். "இல்லீங்கம்மா. ஆயர் வந்த வருசம் அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. அப்புறம் விட்டுப்போச்சு."

"அப்ப வேற பேருக்காரரு யாராச்சும் அவன் தோள்ல கை வெச்சா?"

மூப்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வழக்கம் அவருடையதுதானே, மறுக்க முடியுமா? "பேரு மாறிருங்க. அப்புறம் அவன் வேற வீட்டுப் புள்ள. ஆனா நம்ம கோயில்ல, எல்லாரும் பாக்க நடக்கணும். யாரு நிப்பா? இந்த மலையில கத்தோலிக்கன்னா எல்லாம் நம்ம பயதானுங்களே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கத்தோலிக்கன்தான். நான் கஸ்தெல்லி இல்லை.

முடியவே முடியாது என்றேன். பதிவாளன் உறவு கொண்டாடக்கூடாது, எனக்கு மேலே ஆள் இருக்கிறார், வேலைக்கு ஆபத்து என்று என்னென்னவோ சொன்னேன். பிலோமினா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே, "நமக்குத்தான் யாரு இருக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வான்?

மறுபடியும் கச்சேரி. மாத்தயா கோப்பையை நேராக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "பதிவாளன் மாப்பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கலாமா சேர்?"

"கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை சேர்."

"ஆட்கள்?"

"உயிரோடு இருக்கிறார்கள். நாள்தான் இல்லை."

அவர் கோப்பையை மறுபடியும் நேராக்கினார். "உன்னைத் தவிர வேறு யாராவது?"

"அந்த மலையில் வேறு யாரும் இல்லை சேர்."

பேனையை மூடினார். நான் கதவருகே போனபோது பின்னாலிருந்து சொன்னார். "முதல் நாளே உனக்குச் சொன்னேன்."

பங்குச் சாமியார், உறுதிபூசுதலைத் தானே கொடுக்க ஆயரிடம் அனுமதி வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துச் சிற்றாலயத்தில், மூன்று லயமும் முண்டியடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தோனியின் வலது தோளில் கை வைத்தேன். மூப்பர் மணியடித்தார். வெளியே வந்ததும் அவரே முதல் ஆளாக, "அந்தோனி சந்தியாகு," என்று கூப்பிட்டார். என்னவோ அவன் பிறந்ததிலிருந்து அதுதான் பெயர் என்பதுபோல. சனமும் அப்படியே கூப்பிட்டது.

அந்த வாரமே லூர்துமேரி கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. பிறகு இரண்டு பேரும் பிலோமினா காலிலும் என் காலிலும் விழுந்தார்கள், கப்பலேறப் போனார்கள். சில வருஷம் கழித்து லூர்துமேரியின் அப்பா சளியோடு போய்ச் சேர்ந்தபோது மூப்பரே முன்பக்கம் தூக்கினார். அதையும் நான்தான் பதிந்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம், கம்ப்யூட்டர்ப் பிள்ளைதான் என்று நினைத்து டெலிபோனை எடுத்து, "இத்தாலியில கேளுங்க," என்றேன்.

"ஐயா, நான் அந்தோனி. கோத்தகிரியிலருந்து."

குரல் தடித்துப்போயிருந்தது. சுகம் விசாரித்தோம். அவன் இப்போது அங்கே கோயில் மூப்பராம். சரி, நல்லது என்றேன். மகளுக்கு வரன் விஷயமாகப் பேச வேண்டும் என்றான். சந்தோஷம் என்றேன்.

"சந்தோசமில்லீங்க ஐயா. அவ ஒருத்தன முடிப்பேன்னு நிக்கிறா. அவனும் சந்தியாகு. நீங்கதான் ரெண்டு பேருக்கும் பெரியவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பா. அண்ணன் தங்கச்சி முடிக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருடா சந்தியாகு? எனக்கு அங்க யாரு இருக்கா?"

"நம்ம சனந்தாங்க ஐயா. கப்பல்ல வந்து எறங்குனவங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தோட்டம், யாருக்கும் யாரையும் தெரியாது. புள்ளைகளுக்கு ஞானஸ்நானம்னா நிக்கிறதுக்கு ஆளில்ல. நாந்தான் எல்லாத்துக்கும் நின்னேன். வேற யாரு இருந்தா?"

"எத்தன பேருக்குடா நின்ன?"

"எண்ணலீங்க. இந்த மலையில பாதி சந்தியாகுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்னியேடா, மறந்துபோச்சா, உன் பெண்சாதி அழுதுக்கிட்டுப் படியிறங்கினது மறந்துபோச்சா என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது வேறங்க ஐயா. அப்ப நம்ம பேர மாத்திக்கிட்டோமில்ல," என்றான்.

பிலோமினா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். டெலிபோனில் சத்தம், யாரோ பிடுங்குகிறார்கள். ஒரு பெண் குரல், அப்படியே லூர்துமேரியின் குரல். "தாத்தா, நீங்க என்ன சொல்றீங்க?"

தாத்தாவாம். பிலோமினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அழாத," என்றேன். "அந்தப் பையனுக்கு உறுதிபூசுதல் ஆயிருச்சா?"